மிட்ஜ்லி ஊதி அணைத்த மெழுகுவத்தி

1930 ஏப்ரலில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வேதியியலாளர்கள் மாநாடு ஒன்று நடந்தது. தாமஸ் மிட்ஜ்லி மேடையேறி, தான் கொண்டுவந்திருந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின் மேல் நிதானமாக ஊதினார். சுடர் அணைந்தது, மிட்ஜ்லி அணையவில்லை. இந்த வாயு விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதை ஒரே மூச்சில் நிரூபித்தாகிவிட்டது. நம்மூர் மேடையாக இருந்தால் அங்கேயே சால்வை போர்த்தியிருப்பார்கள். அவர்கள் பொறுமையாக, பிற்பாடு பதக்கம் பதக்கமாகக் கொடுத்தார்கள்.

மேடை வித்தை மிட்ஜ்லிக்குப் புதிதல்ல. கார் எஞ்சின் 'டொக் டொக்'கென்று தட்டுவதை நிறுத்த, பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921-இல் கண்டுபிடித்த மகானும் இவர்தான். அந்த ஈயக் கலவையைத் தயாரித்த நியூஜெர்சி ஆலையில் 1924-இல் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப்போய், ஐந்து பேர் செத்தும் போனார்கள். பத்திரிகைகள் கத்தின. மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தில் கை கழுவிக்காட்டினார், ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். ஒன்றும் ஆகாது என்றார். முந்தின வருடம்தான் தன் உடம்பிலேயே ஈயம் ஏறி, வேலையை விட்டுவிட்டு மயாமிப் பக்கம் ஓய்வெடுக்கப் போய்வந்த கதையை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். இவ்வளவுக்கும் அவர் படித்தது இயந்திரப் பொறியியல். வேதியியல் தானாகக் கற்றுக்கொண்டது. இரண்டு உலகச் சிக்கல்களை உண்டாக்க அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது சிக்கலின் கதைக்கு வருவோம். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் என்பது சமையலறைக்குள் நிற்கும் ஒரு கொலைகாரன். குளிர்விக்க அதற்குள் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. குழாயில் ஓட்டை விழுந்தால் பாலும் வெண்ணெயும் பத்திரமாக இருக்கும், குடும்பம் இருக்காது. பெர்லினில் ஒரு குடும்பமே இப்படித் தூக்கத்தில் செத்த செய்தியைப் பேப்பரில் படித்து மனம் கலங்கிய ஐன்ஸ்டைன், லியோ ஸிலார்டைச் சேர்த்துக்கொண்டு, கசிவுக்கு இடமே கொடுக்காத ஃப்ரிட்ஜ்களை வடிவமைக்க உட்கார்ந்தார். அண்டத்தை அளந்த கை, ஐஸ்பெட்டிக்கும் காப்புரிமை வாங்கியது. 1930-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அதே வருடம் மிட்ஜ்லி மெழுகுவத்தியை ஊதிவிட்டார். ஐன்ஸ்டைனின் ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை.

மிட்ஜ்லி வேலை பார்த்த ஜெனரல் மோட்டார்ஸிடம் அப்போது ஃப்ரிஜிடேர் என்ற ஃப்ரிட்ஜ் கம்பெனியும் இருந்தது. விஷமில்லாத, எரியாத வாயு ஒன்று வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மிட்ஜ்லிக்கு 1928-இல் உத்தரவு வந்தது. தனிம அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஃபுளூரின் பக்கம் போகலாம் என்று முடிவு செய்தார். மூன்றே நாளில் வாயு தயார் என்பது அவர் பரப்பிய கதை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஒரு கினிப் பன்றி. வாயுவைத் தயாரிக்க ஆன்டிமனி ட்ரைஃபுளூரைடு என்ற உப்பு வேண்டும். ஊரெல்லாம் தேடியதில் சின்னச் சின்ன புட்டிகளாக ஐந்துதான் அகப்பட்டன. அதில் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்து, சில கிராம் வாயு செய்து, கண்ணாடிக் குடுவைக்குள் கினிப் பன்றியை உட்காரவைத்துச் செலுத்தினார்கள். அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் பரம சந்தோஷம். இரண்டாவது புட்டியில் செய்த வாயுவைக் கொடுத்தபோது கினிப் பன்றி செத்தது. ஆராய்ந்து பார்த்தால், ஐந்து புட்டியில் நான்கு மோசமான சரக்கு. அதிலிருந்த ஈரத்தால் முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொன்ற ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகியிருந்தது. முதலில் எடுத்த புட்டி மட்டும்தான் சுத்தம். கை ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் முதல் சோதனையிலேயே பிராணி செத்து, இந்தப் பக்கமே வேண்டாமென்று போயிருப்போம் என்று மிட்ஜ்லியே பிற்பாடு சொன்னார். பட்டாசு வாங்குவது போலச் சரக்கைச் சரிபார்க்காமல் வாங்கியும் வரலாறு அவர் பக்கம் நின்றது.

வாயுவுக்கு ஃப்ரியான் என்று பெயர் சூட்டினார்கள். குடும்பப் பெயர் குளோரோஃபுளூரோகார்பன், சுருக்கமாக சிஎஃப்சி. இதன் மகிமையே எதனோடும் சேராமல், எதற்கும் அசையாமல் இருப்பதுதான். எரியாது, நாறாது, அரிக்காது, கரையாது. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் யார் விடுவார்கள்? ஃப்ரிட்ஜில், ஏசியில், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயில், அக்குள் ஸ்ப்ரேயில், கொசு மருந்தில், சோபா நுரையில், சர்க்யூட் போர்டு கழுவுவதில் என்று அடுத்த நாற்பது வருடம் உலகம் அதை விதவிதமாகப் புழங்கித் தீர்த்தது. 1970-களின் ஆரம்பத்தில் வருடத்துக்குப் பல லட்சம் டன் உற்பத்தி. முக்கால்வாசியும் கடைசியில் காற்றுக்குத்தான் போனது. போனது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றும் செய்யாத வாயு எங்கே போனால் என்ன?

கேட்டவர் ஒரே ஒருவர்: ஜேம்ஸ் லவ்லாக். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் பொருளையும் மோப்பம் பிடிக்கும் கருவியைச் சொந்தமாகச் செய்து வைத்திருந்த ஆங்கிலேயர். பண உதவி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. பெரும்பாலும் சொந்த முயற்சியிலேயே 1971-இல் ஷாக்கிள்டன் என்ற கப்பலேறி அன்டார்க்டிகா வரை போனார். நடுக்கடலில் எங்கே முகர்ந்தாலும் ஃப்ரியான். அதுவரை செய்ததெல்லாம் அப்படியே காற்றில் மிதந்துகொண்டிருந்தது. பிரமாதமான கண்டுபிடிப்பு. அதை நேச்சர் இதழில் 1973-இல் எழுதும்போது, இதனால் ஆபத்து ஏதும் இருப்பதாகக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை என்று சேர்த்து எழுதிவிட்டார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து, நல்லவனாகத் தெரிகிறானே என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிய மாதிரி ஆயிற்று.

இந்த இடத்தில் பாதிக்கப்பட்டவரையும் அறிமுகப்படுத்திவிடலாம். ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கூடிய மூலக்கூறு. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டுதான். பாசெல் நகரத்து ஷான்பைன் 1839-இல் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியபோது வந்த நெடியை வைத்து இதைக் கண்டுகொண்டார். கிட்டத்தில் இருந்தால் இது நல்ல பொருளே இல்லை. நுரையீரலை அரிக்கும், பயிரைக் கெடுக்கும். ஆனாலும் அந்த நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் கடற்கரைக் காற்றில் ஓசோன் இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று நம்பி ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் விஷம், தலைக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் தெய்வம். தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலரும் இப்படித்தான்.

அங்கே அது செய்யும் வேலை இதுதான். சூரியன் அனுப்பும் புற ஊதாக் கதிர்களில் மூன்று வகை. மிகக் கொடிய 'சி' வகையை மேலேயே முழுசாகத் தடுத்துவிடுகிறார்கள் ஆக்சிஜனும் ஓசோனும். தோல் புற்றுநோயும் கண்புரையும் தரும் 'பி' வகையில் பெரும்பகுதியை ஓசோன் விழுங்குகிறது. 'ஏ' வகை தப்பித்து வந்துவிடும். கதிர் பட்டதும் ஓசோன் உடைகிறது, உடைந்தது மறுபடி கூடுகிறது, மறுபடி கதிர் வாங்குகிறது. உடைவதும் சேர்வதுமாகவே அதன் பிழைப்பு ஓடுகிறது என்று சிட்னி சாப்மன் விளக்கியதும், பாருங்கள், அதே 1930-இல்தான்.

படலம் என்றவுடன் தடிமனான கம்பளம் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து, இங்குள்ள அழுத்தத்தில் பரப்பினால் மொத்தம் மூன்று மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். இந்த மூன்று மில்லிமீட்டருக்கு 300 டாப்சன் அலகு என்று கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டுக்காரரான கார்டன் டாப்சன் 1920-களில் இதை அளக்கக் கருவி செய்து, உலகத்தின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். 1928-இல் ஒன்று நம் கொடைக்கானல் வானாய்வகத்துக்கும் வந்தது. பில்லர் ராக் பார்க்க வந்த துரைமார்களுக்கு நடுவே, ஒரு கருவி தன் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி கலிஃபோர்னியா. 1973-இல் இர்வைன் பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் ரோலண்டிடம் மரியோ மொலினா என்ற மெக்சிகோக்காரர் வந்து சேர்ந்தார். சிறு வயதில் வீட்டுக் குளியலறையைச் சோதனைச்சாலையாக்கியவர் என்பதால் துணிச்சலுக்குக் குறைவில்லை. ஒன்றும் செய்யாத அந்த வாயு கடைசியில் எங்கேதான் போகிறது என்று பார்ப்போமே என்று கணக்குப் போட உட்கார்ந்தார்கள். மழை அதைக் கரைக்காது, மண் உறிஞ்சாது, எதுவும் தின்னாது. ஆகவே மெல்ல மெல்ல மேலே ஏறும். ஓசோனுக்கும் மேலே போனால் புற ஊதா உதைக்கும், அந்த உதையில் குளோரின் அணு பிய்ந்து வெளியே வரும். அதன் பிறகுதான் கூத்து. குளோரின் ஓர் ஓசோனிடமிருந்து ஒரு அணுவைப் பறிக்கும், பறித்ததை இன்னொரு ஆக்சிஜனிடம் தள்ளிவிடும், கை கழுவிக்கொண்டு அடுத்த ஓசோனிடம் போகும். தனக்கு ஒரு கீறலும் விழாமல் ஒரே ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை தீர்த்துக்கட்ட வல்லது. மிட்ஜ்லி எந்தக் குணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தாரோ, அதே அசையாக் குணம்தான் அதை அவ்வளவு உயரத்துக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது. எதனோடாவது கொஞ்சம் சேரும் குணம் இருந்திருந்தால் பாதி வழியிலேயே ஒழிந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போன ரோலண்டிடம் வேலை எப்படிப் போகிறது என்று மனைவி கேட்டாராம். நன்றாகப் போகிறது, ஆனால் உலகம் முடியப்போவது போலத் தெரிகிறது என்றாராம். உடனே வீட்டிலிருந்த ஸ்ப்ரே டப்பாக்களெல்லாம் குப்பைக்குப் போயின. 1974 ஜூனில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. கம்பெனிகள் எகிறின. ஃப்ரியான் தயாரித்த டூபாண்டின் தலைவர் இதை அறிவியல் புனைகதை என்றார். இந்தக் குற்றச்சாட்டெல்லாம் சோவியத் உளவுத்துறையின் சதி என்று ஸ்ப்ரே தொழில்காரர் ஒருவர் பத்திரிகையில் சொன்னார். மாஸ்கோவிலிருந்து வந்து அமெரிக்கப் பெண்களின் கொண்டையைக் கலைப்பதுதான் கம்யூனிசத்தின் கடைசி இலக்கு போலிருக்கிறது! எப்படியோ 1978-இல் அமெரிக்கா சிஎஃப்சி ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை போட்டது. ஃப்ரிட்ஜும் நுரையும் தொடர்ந்தன. விஷயம் ஆறிப்போனது.

நிஜமான பூகம்பம் அதன் பிறகு, யாரும் எதிர்பாராத ஆட்களிடமிருந்து வந்தது. அன்டார்க்டிகாவில் ஹாலி என்ற இடத்தில் பிரிட்டிஷ்காரர்கள் 1956-லிருந்து டாப்சன் கருவியை வைத்து ஓசோனை அளந்துகொண்டிருந்தார்கள். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பெட்டி. ஓசோன் விழுங்கும் ஒரு கதிரையும், அவ்வளவாக விழுங்காத இன்னொரு கதிரையும் அது ஒப்பிடும். ஆள் ஒருவர் வட்டை மெதுவாகத் திருகுவார், முள் பூஜ்யத்தில் நின்றதும் எண்ணைத் தாளில் குறிப்பார். மறுநாளும் அதே. அடுத்த வருடமும் அதே. இதைவிடச் சலிப்பான அரசாங்க வேலையை யாராலும் கற்பனை செய்ய முடியாது. ஜோ ஃபார்மன் என்பவர் வாயில் பைப்போடு இந்த வேலையைக் காத்து வந்தார். எதற்கய்யா இது என்று மேலிடம் அவ்வப்போது கேட்டபடி இருந்தது. அவருடைய உதவியாளர் ஜொனாதன் ஷாங்க்ளினுக்குக் கொடுத்த வேலை, மூட்டை மூட்டையாகக் கிடந்த அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது.

கேம்பிரிட்ஜில் இருந்த அவர்களுடைய அலுவலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் நாள் வந்தது. ஸ்ப்ரேயால் ஓசோன் அழிகிறது என்று ஜனங்கள் வீணாகப் பயப்படுகிறார்களே, இருபது வருடத்துக்கு முன்பும் இன்றும் ஒரே அளவுதான் என்று வரைந்து மாட்டிவிடலாம் என்று ஷாங்க்ளின் நினைத்தார். வரைந்தார். கோடு சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அங்கே வசந்தம் வரும் அக்டோபரில் அளவு சரிந்துகொண்டே வந்திருந்தது. 300-ஐ ஒட்டி இருந்தது 1984-இல் 200-க்கும் கீழே. ஆறுதல் சொல்லப் போனவர் அபாயமணி அடிக்க வேண்டியதாயிற்று. ஃபார்மன், சக ஊழியர் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் எழுதிய கட்டுரை 1985 மே 16 அன்று வெளியானது.

நாசாவுக்கு வேர்த்தது. அவர்களுடைய நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978-லிருந்து மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது, கோடிக்கணக்கில் அளந்துகொண்டும் இருந்தது. 180-க்குக் கீழே எது வந்தாலும் சந்தேகத்துக்குரியது என்று தனியாக ஒதுக்கும்படி அதன் மென்பொருளுக்குச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டது என்று பின்னாளில் பரவியது கொஞ்சம் மிகைதான். பவன் பார்ட்டியா குழுவினர் அந்தக் குறைந்த எண்களைக் கவனித்து, ஒரு மாநாட்டுக்கு எழுதியும் அனுப்பியிருந்தார்கள். ஆனால் தென்துருவ நிலையத்திலிருந்த கருவி அந்தச் சமயம் பார்த்து 300 என்று தப்பாகச் சொல்லி அவர்களைக் குழப்பியது. ஆக, பல கோடி டாலர் செயற்கைக்கோள் தயங்கி நின்றபோது, திருகு வட்டு வைத்த பழைய பெட்டி பந்தயத்தில் ஜெயித்தது. பிறகு செயற்கைக்கோள் வரைந்த படம் ஒன்றும் அதற்குத் துணை வந்தது: ஓசோன் பள்ளத்தின் அகலம் அமெரிக்கா அளவுக்கு இருந்தது.

அன்டார்க்டிகாவில் போய் ஏன்? அங்கே யார் ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள், பெங்குவினா? சூசன் சாலமன் என்ற முப்பது வயதுப் பெண் விடை சொன்னார். குளிர்கால இருட்டில் அங்கே வானத்தின் மேலடுக்கு மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே போய், மேகங்கள் உண்டாகின்றன. அதுவரை சாதுவாக இருந்த குளோரின் சேர்மங்கள் அந்த மேகத் துகள்களின் மேல் உட்கார்ந்து உருமாறுகின்றன. வசந்தத்தில் முதல் வெயில் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஓசோனை மேய்கின்றன. 1986-இல் அவர் நேரில் அங்கிருக்கும் மக்மர்டோ நிலையத்துக்கே போய் அளந்தார், சொன்னது சரியாக இருந்தது.

இதற்கிடையில் வாஷிங்டனில் ரீகனின் உள்துறை அமைச்சர் டொனால்ட் ஹோடல் 1987-இல் ஒரு மாற்று யோசனை வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. உலக ஒப்பந்தமெல்லாம் எதற்கு, ஜனங்கள் தொப்பி போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டால் போதாதா? மீனுக்கு யார் கண்ணாடி மாட்டுவது, நெற்பயிருக்கு யார் களிம்பு தடவுவது என்று ஊரே சிரித்தது. ரீகனின் மூக்கிலிருந்தே தோல் புற்றை எடுத்திருந்தார்கள் என்பதும் விவாதத்துக்கு ஒரு மாதிரி உதவியது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் கையெழுத்தானது சிஎஃப்சியைக் குறைக்கும் ஒப்பந்தம்.

டூபாண்டின் மனமாற்றம் தனிக் காவியம். 1988 மார்ச் 4 அன்று செனட்டர்களுக்கு அதன் தலைவர் எழுதிய கடிதத்தில், உற்பத்தியைத் தடாலடியாகக் குறைக்க அறிவியல் ஆதாரம் போதாது என்றார். மார்ச் 15 அன்று விஞ்ஞானிகள் குழு அறிக்கை வெளியிட்டது. மார்ச் 24 அன்று டூபாண்ட், சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பதினான்கு வருட மறுப்பு இருபது நாளில் கரைந்தது. மாற்று வாயுவை யார் விற்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள், அதுவும் அவர்கள்தான்.

வளரும் நாடுகளுக்கு வந்தது வேறு கேள்வி. ஃப்ரிட்ஜ் இப்போதுதான் நம் தெருவுக்கே வருகிறது, அதற்குள் கேஸை மாற்று என்றால் யார் காசு? 1990-இல் லண்டனில் இந்தியாவின் அமைச்சர் மேனகா காந்தி இதையே கேட்டார். ஓட்டை போட்டவர்கள் நீங்கள், அடைக்கப் பணமும் தொழில்நுட்பமும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றார். நிதியம் உருவானது. 1992-இல் இந்தியா சேர்ந்தது. அப்போது சிஎஃப்சி தயாரித்த இந்திய ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008-இல் நாட்டில் உற்பத்தி நின்றது.

தடை வந்தால் கடத்தல் வரும். 1990-களில் மயாமி துறைமுகத்தில் கொக்கைனுக்கு அடுத்தபடி லாபமான கடத்தல் சரக்கு ஃப்ரியான் சிலிண்டர்தான் என்று பேசிக்கொண்டார்கள். மிட்ஜ்லி ஓய்வெடுக்கப் போன ஊர்! சிலி நாட்டின் தென்கோடியில் ஆடுகளுக்குக் கண் தெரியாமல் போகிறது, ஓசோன் ஓட்டைதான் காரணம் என்று ஒரு வதந்தி உலகத்தைச் சுற்றியது. டாக்டர்கள் போய்ப் பார்த்தார்கள், ஆடுகளுக்குச் சாதாரணக் கண்வலி. 1995 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு குழு கூடி, ஓசோன் அறிவியலே சந்தேகம் என்று விசாரணை நடத்தியது. அடுத்த மாதம் ரோலண்ட், மொலினா, ஓசோன் வேதியியலில் உழைத்த இன்னொருவரான பால் க்ரூட்சன் மூவருக்கும் நோபல் அறிவித்தார்கள். ஸ்வீடன்காரர்களின் நேரம் பார்க்கும் சாமர்த்தியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மிட்ஜ்லி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1940-இல் போலியோ தாக்கிக் கால் முடங்கியது. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்து ஓர் ஏற்பாட்டைத் தானே வடிவமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி இறந்தார். வயது 55. விபத்தா, வேறேதுமா என்பது குறித்து இன்றும் பேச்சு இருக்கிறது. இதில் நகைக்க ஒன்றுமில்லை.

2018-இல் ஒரு பழைய பிசாசு எட்டிப் பார்த்தது. ஒழிந்துவிட்டதாக நினைத்த சிஎஃப்சி-11 காற்றில் குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை. கிழக்குச் சீனத்தில் நுரை தயாரிக்கும் யாரோ திருட்டுத்தனமாகப் புழங்குவதைக் கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த கருவிகள் காட்டிக்கொடுத்தன. மறுபடியும் அதே சலிப்பான அளவெடுக்கும் ஆசாமிகள். பிறகு அது குறைந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அன்டார்க்டிகாவின் ஓசோன் 1980-இல் இருந்த நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும் என்பது இப்போதைய கணக்கு.

உங்கள் வீட்டுப் பரணிலோ பின்கட்டிலோ இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஃப்ரிட்ஜ் கிடந்தால், பின்பக்கத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ஆர்-12 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது மிட்ஜ்லி ஊதிய அதே வாயு. காயலான் கடைக்காரர் செம்புக் குழாய்க்காக முதல் வேலையாக அதைத்தான் வெட்டுவார், வெளியே வந்த வாயு நூறு வருடம் மேலே திரியும். கேஸைச் சிலிண்டரில் இறக்கிக்கொள்ளும் வசதியுள்ள மெக்கானிக் யாராவது கிடைத்தால், முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.